ஐந்தாவது கொடி

இல்லை, யாரும் சொல்லிக்கொடுத்து இந்த விசாரணைக்கு நான் வரவில்லை. என் பெயர் பெரின் லெ பெல்லெக், வயது இருபத்தேழு, சான் மாலோ கோட்டைக்குள் வலைக்காரர் சந்தில் குடியிருக்கிறேன். துறைமுகப் பாய்க்கூடத்தில் பாய்களும் கொடிகளும் தைக்கிறேன். காவலில் இருக்கும் செர்வான் என் கணவர்.

கடந்த ஜனவரியில் ஆங்கிலேயரின் சரக்குக் கப்பல்களைப் பிடிக்க 'ஃபார்லூஸ்' என்ற போர்க்கப்பல் புறப்பட்டது. அதில் என் கணவரும் என் தம்பி பிரியாக்கும் போனார்கள். பிடிபட்ட கப்பலில் நம் ஆட்கள் பதினைந்து பேர் ஏறி, நீலம், வெள்ளை, சிவப்பு என்ற நம் கொடியைக் கட்டி, துறைமுகத்துக்கு ஓட்டி வருவது வழக்கம். அதற்காக நான்கு கொடிகள் தைத்தேன். போதுமா என்று கேட்டேன். "நாலு பிடிச்சாலே பெரிசு. நீ என்னம்மா, இங்கிலாந்து ராஜாவையே இழுத்துட்டு வரச் சொல்லுவே போலிருக்கே" என்று கிடங்குக்காரர் சிரித்தார்.

புறப்பட்ட பத்தொன்பது நாளில் ஐந்து கப்பல்களைப் பிடித்தார்கள். ஐந்தாவதை ஓட்டிவரும் பொறுப்பு என் கணவருக்கு. அவர் பிரிந்த ஒரு மணி நேரத்தில் ஆங்கிலேயரின் பெரிய போர்க்கப்பல் வந்தது, பிடித்த கப்பல்களில் ஏறிப் போனதுபோக ஃபார்லூஸில் பாதி ஆட்கள்கூட இல்லை, அதனால் அது சரணடைந்தது. தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. கைதி மாற்றத்தில் திரும்பிய ஃபார்லூஸின் துணைத்தலைவர், தாம் 'திரும்பி வா' என்ற சைகைக் கொடியை ஏற்றி இரண்டு பீரங்கிக் குண்டு சுட்டதாகவும், என் கணவர் அதைப் பார்த்தும் ஓடிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். அது உண்மையானால் என் கணவரைச் சுட்டுவிடுவார்கள்.

அந்தக் கொடி ஏறியிருக்க முடியாது. என் கணவர் ஓட்டிவந்த கப்பலில் பறந்த கொடி இந்த மேசைமேல் இருக்கிறது. நான் தைத்த நான்கும் தீர்ந்ததும், ஐந்தாவதற்காக ஃபார்லூஸில் கையில் கிடைத்ததை வெட்டித் தைத்திருக்கிறார்கள். இதன் நீலமும் வெள்ளையும் 'திரும்பி வா' கொடியிலிருந்து எடுத்தவை. மூலையில் உள்ள இரட்டைத் தையல் என்னுடையது, 'திரும்பி வா' கொடி ஒன்றுக்கு மட்டும்தான் அப்படிப் போட்டேன். சிவப்பு, என் தம்பி இடுப்பில் கட்டும் துணி. அதற்கு ஓரம் மடித்ததும் நான்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வீடு வந்த அன்று என் கணவர் சூப்பைத் தொடவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், அடுப்புக்கும் சன்னலுக்குமாக நடந்தார். "உட்காரேன்யா, தரை தேயுது" என்றேன். "ரெண்டு குண்டு கேட்டுச்சு. கூப்பிடறாங்கன்னு தெரியும், பெரின். கொடி என் தலைக்கு மேல பறக்குது, அவங்க எதை ஏத்துவாங்க?" என்றார். அதன்பிறகு, "குண்டைப் பத்தி எங்கயும் வாயத் திறக்காதே" என்றார். கொடி இல்லாமல் குண்டுச் சத்தம் மட்டும் கட்டளை ஆகாது என்கிறார்கள். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவில்லை, எனக்கு வேண்டியவர் என்று குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) பெரின் லெ பெல்லெக்

எழுத்தர் குறிப்பு: சாட்சி கணவரைப் பார்க்க அனுமதி கேட்கவில்லை. நேராகப் பாய்க்கூடத்துக்குச் சென்றார். வெள்ளிக்கிழமை புறப்படும் கப்பலுக்கு நான்கு கொடிகள் என்று உத்தரவு இருந்தது. பத்து தைத்தார்.