நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்

"நூத்திப்பன்னெண்டாம் பக்கம் வரைக்கும் ஒன் அண்ணன் எழுத்து. அதுக்கு மேல என் எழுத்து."

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவர் மடியில் ஒரு பழைய ஆங்கில நாவல். கடினமான வார்த்தைகளுக்குப் பக்க ஓரத்தில் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தது.

"கப்பல்ல ஆபீசர் பரீட்சைக்காவ இதை வச்சு இங்கிலீஷ் படிச்சாவ. பெட்டியோட திரும்பி வந்துச்சு."

"மைனி, அண்ணன் கடல்ல விழுந்து எட்டு மாசமாச்சு. உடம்பும் கிடைக்கலை. ஆத்மா சாந்திப் பூசைக்கு மாதா கோயில் சாமியார் நாள் கேக்காரு."

மைனி பையிலிருந்து டிக்‌ஷனரியை எடுத்துப் புரட்டி, நாவலில் இன்னொரு அர்த்தம் எழுதினார்.

"இதை எதுக்கு எழுதுதிய?"

"பாதியில விட்டிருக்காவ. வந்தா மேல படிக்கணும்லா."