குறட்டை விடுபவர் விவரம்

“ஹலோ... ஹலோ! ஆமாம்மா, நானேதான். இன்னும் லைன்லதான் இருக்கேன்... வைக்கலை, வைக்கலை... காத்திருந்ததுக்கு நன்றியா? இருபத்திரண்டு நிமிஷம் பாட்டுப் போட்டீங்கம்மா, நான்தான் நன்றி சொல்லணும்... ஆமாம்... ஆமாம்... சும்மா சொன்னேன், விடுங்க.”

அலுவலகத்தின் பழைய பதிவேடுகள் அடுக்கிய அறையில், ஜன்னலோரமாக நின்றிருந்தார் அவர். அங்கே ஓரடி இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அரை அடி நகர்ந்தாலும் போய்விடும். ஒரு கையில் போன், இன்னொரு கையில் கோடு போட்ட தாள். தேதி, மணி, கூப்பிட்ட எண், விஷயம் என்று அதில் நான்கு பத்திகள். பதினேழு நாளில் அறுபத்தோரு அழைப்புகள்.

முப்பது வருஷமாக அவர் வேலை, வருகிற விண்ணப்பங்களில் எல்லாக் கட்டங்களும் நிரப்பியிருக்கிறதா என்று பார்ப்பது. ஒன்று விட்டிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் ‘காலிக்கட்டம்’. முகத்துக்கு முன்னாலும் அதே பெயர்தான், கூட ஒரு ‘சார்’ சேர்த்து.

“புகார் எண்ணா? எந்தப் புகார் எண்ம்மா, என்கிட்ட ஏழு இருக்கு... கடைசியா கொடுத்ததா? ஒண்ணு, ஒண்ணு, சைபர்... எடுத்துட்டீங்களா? ஆமாம், தலையணை. குறட்டையை நிறுத்துற தலையணை... குறட்டையா? அது நிக்கலை. என் சம்சாரத்தைக் கேட்டா இப்பதான் கூடியிருக்குங்கிறா. அதை விடுங்க, நான் அதுக்குக் கூப்பிடலை... மாத்திக் கொடுக்க வேண்டாம்மா... இன்னொண்ணும் வேண்டாம்... ரெண்டு வாங்கினா உறை இலவசமா? அம்மா! தாயே! நான் எதுக்குக் கூப்பிட்டேன்னு கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க!”

குரல் ஏறிவிட்டது. கதவருகே கடைநிலை ஊழியர் தலை நீட்டினார். அவர் தாளாலேயே மூன்றாவது அலமாரியைக் காட்ட, வந்தவர் ஒரு பதிவேட்டை உருவிக்கொண்டு சத்தமில்லாமல் போனார்.

“இல்லம்மா, கோபம் இல்லை. என் நம்பருக்கு வர்றதைக்கூட நான் பொறுத்துக்கிறேன். பல் தேய்க்கும்போது ஒருத்தர் கடன் வேணுமாங்கிறார். சாப்பிட உக்காந்தா ஒருத்தர் வழுக்கைக்குத் தைலம்ங்கிறார். எனக்கு முடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதை அவர்கிட்ட சொன்னா, ‘அப்ப நரைக்கு?’ங்கிறார்... ஆமாம்... பங்குதாரர் நிறுவனங்களா? உங்க பங்குதாரங்க என்ன எறும்புப் புத்தாம்மா, தோண்டத் தோண்ட வர்றாங்களே!... சரி, சரி. என்னை விடுங்க. எனக்கு இன்னொரு நம்பரை எடுக்கணும். நான் ‘தெரிந்தவர்’னு எழுதிக் கொடுத்த நம்பர்... ஆமாம், அதேதான். அது என் சம்பந்தி நம்பர்... சம்பந்திம்மா. என் பொண்ணைக் கட்டிக்கப்போற பையனோட அப்பா... இன்னும் கட்டலை. அதுதான் பேச்சே! போற போக்கைப் பார்த்தா கட்டுவாங்களான்னே தெரியலை.”

தலையணைக்குப் பணம் கட்டி முடித்ததும் திரையில் நீளமாக ஒரு படிவம் வந்தது. அதன் அடியில், ‘உங்களுக்குத் தெரிந்த குறட்டை விடுபவர் விவரம்’ என்று ஒரு பகுதி. பெயர், கைபேசி எண், உறவு, சத்தத்தின் அளவு, இடையில் மூச்சு நிற்கிறதா, வீட்டில் வேறு யார், அவர்கள் எண். பக்கத்திலேயே ‘விரும்பினால் மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அப்படியே மூடிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றுவிடாமல் நிரப்பினார்.

“ஆமாம்... ஆமாம்... நானே எழுதினதுதான். இல்லைன்னு சொல்லலையே... பொடி எழுத்தையும் படிச்சேன்... காலியா விட்டிருக்கலாம்தான்.”

அதைச் சொல்லிவிட்டு ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆனா எழுதினா இப்படியாம்மா பண்ணுவீங்க? உங்க ஆள் முதல் நாள் கூப்பிட்டு என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? ‘உங்க குறட்டை தாங்கலைன்னு உங்க சம்பந்தி எங்ககிட்ட முறையிட்டிருக்கார்’னு. நான் முறையிட்டேனா? கட்டத்தை நிரப்பினேன்! மறுநாள் காதுக்கருவிக் கம்பெனி. சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டு, ‘இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துப் பக்கத்துல படுத்திருக்கீங்களே, காது சோதனை இலவசம்’னு... சிரிக்காதீங்கம்மா... இருமினீங்களா, சரி, இருமுங்க. அதுக்கடுத்த நாள் ஆயுள் காப்பீடு. ‘உங்க வயசுக்கும் உங்க மூச்சுக்கும் இது ரொம்ப அவசியம்’னு ஆரம்பிச்சிருக்கான். ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? இதெல்லாம் மாப்பிள்ளை என் பொண்ணுகிட்ட சொல்லி, அவ அழுதுட்டே என்கிட்ட சொன்னா... ஆமாம்... வருந்துறீங்க. ஏழு தடவையும் வருந்தினீங்க.”

போனை மறு காதுக்கு மாற்றினார். முதல் காது சிவந்து சுட்டது.

“அஞ்சு நாளா அவர் என் போனை எடுக்கலைம்மா. நேர்ல போனேன், வாசல்லயே ‘தூங்கறார்’னுட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன பேசறது? கல்யாணப் பத்திரிகை அச்சகத்துல நிக்குது. எங்க பக்கத்துப் பேரெல்லாம் கோத்தாச்சு. பையன் வீட்டுப் பக்கம் வெள்ளையாக் கிடக்கு. அஞ்சு மணிக்குள்ள பேர் வரலைன்னா மெஷினை வேற வேலைக்கு விட்டுருவேன்னுட்டார் அச்சகக்காரர்... மணியா? இப்ப மூணே கால்.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி பின்னோக்கி வந்துகொண்டே விடாமல் ஊளையிட்டது. அவர் ஒரு விரலால் மறு காதைப் பொத்திக்கொண்டார்.

“நம்பரை எடுக்க ஒரு படிவமா? அனுப்புங்க... என்னென்ன கேக்கும்?... அவர் பிறந்த தேதி எதுக்கு?... வேலை எதுக்கு?... மாத வருமானமா! ஏம்மா, எடுக்கறதுக்கா கேக்கறீங்க, போடறதுக்கா? வேண்டாம். நான் இனிமே எந்தப் படிவத்தையும் நிரப்பறதா இல்லை!”

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அறையிலிருந்த பதிவேடுகள் கேட்டிருக்குமோ என்பதுபோல் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“போன்லயே எடுக்கலாமா? அடப்பாவமே, அதை முதல்ல சொல்லக் கூடாதா? எடுங்க... ஓ.டி.பி. வரும், சரி, வரட்டும்... யார் போனுக்கு?... அவர் போனுக்கா? அவர்தான் என் போனையே எடுக்கறதில்லைன்னு இவ்வளவு நேரம் தொண்டை கிழியச் சொல்றேனே!... நீங்க கூப்பிடறீங்களா? என்னையும் சேர்த்தா? வேண்டாம்மா. உங்க நம்பரைப் பார்த்தாலே செருப்பைத் தேடுவார். வேண்டாம், இணைக்காதீங்க. என்ன பேசறதுன்னு நான் கொஞ்சம் யோசிச்சு... ஹலோ? அம்மா? ஹலோ?... பாட்டு போட்டுட்டா!”

காதில் பாட்டு ஓடியது. அவர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். நெற்றியைத் துடைத்தார். போனில் முகம் தெரியாது என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

“ஹலோ... ஹலோ சம்பந்தி... வைக்காதீங்க, வைக்காதீங்க! நான் தலையணை விக்கலை!... நான்தான். பொண்ணோட அப்பா... சத்தியமா நான்தான், குரல் தெரியலையா?... இல்ல சம்பந்தி, அவங்களோட சேந்துக்கலை. அவங்க லைன்ல இருக்கேன்... சேந்துதான் பேசறோம், ஆனா சேந்துக்கலை... திட்டுங்க. நல்லாத் திட்டுங்க... ஆமாம்... ஆமாம்... அதுவும் சரிதான்... என் அப்பாவை மட்டும் விட்டுருங்க, அவர் பாவம்... ஆமாம்... பொறுப்பு என்னுதுதான்.”

ஒரு முழு நிமிஷம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி, ஒரே ஒரு வேலை. உங்க போனுக்கு நாலு எண் வந்திருக்கும்... ஐயையோ, மோசடி இல்லை!... யார்கிட்டயும் சொல்லாதேன்னு போட்டிருக்கா? போட்டிருக்கும். இந்தம்மாகிட்ட மட்டும் சொல்லலாம்... என்கிட்ட சொல்லவே வேண்டாம். காதைப் பொத்திக்கிறேன்னு வெச்சுக்கோங்களேன்... கண்ணாடி எடுக்கணுமா? எடுங்க, மெதுவா எடுங்க... என்னம்மா? நேரம் முடிஞ்சிருச்சா? ஒரு மனுஷன் மூக்குக்கண்ணாடி எடுத்து மாட்டுற நேரம்கூட உங்க எண் உயிரோட இருக்காதா! மறுபடி அனுப்புங்க... ரெண்டு நிமிஷம் ஆகுமா?... சம்பந்தி, ரெண்டு நிமிஷம் ஆகுமாம்... வைக்காதீங்க. கால்ல வேணா விழறேன், வைக்காதீங்க.”

வண்டியின் ஊளை நின்றிருந்தது. மூன்று பேர் ஒரே கம்பியில் சும்மா நிற்பது அவருக்குத் தாங்கவில்லை. முதலில் பேசியதும் அவர்தான்.

“சம்பந்தி... கேலிக்கா எழுதினேன்னு நீங்க கேட்டது நியாயம். கேலி பண்ணி எழுதலை. மண்டபம் பார்த்துட்டு அன்னைக்குப் பஸ்ல திரும்பினோமே? நீங்க ஜன்னல் பக்கம் தூங்கிட்டீங்க... ஆமாம், சத்தம்தான். பஸ்ஸே சிரிச்சுது. மறைப்பானேன், நானும் சிரிச்சேன்... கேளுங்க, கேளுங்க, அப்புறம் திட்டலாம். திடீர்னு சத்தம் நின்னுச்சு. அப்பாடான்னு எல்லாரும் திரும்பி உக்காந்தாங்க. பக்கத்துல இருந்தவன் நான். உங்க நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் எண்ணினேன். இருபது வரைக்கும் எண்ணினேன் சம்பந்தி. எனக்கு வாய் உலர்ந்துபோச்சு... அப்புறம் தூக்கிப்போட்ட மாதிரி மூச்சு வந்துச்சு. ஒரு தடவை இல்லை, நாலு தடவை... எழுப்பினேனே! கடைசித் தடவை முழங்காலைப் பிடிச்சு உலுக்கினேன். ‘இறங்கணுமா?’ன்னீங்க. ‘இல்லை, இன்னும் தூரம் இருக்கு’ன்னேன்... அப்பவே சொல்லியிருக்கணும்தான்.”

குரல் இறங்கிவிட்டது.

“எப்படிச் சொல்வேன்? பொண்ணைக் குடுக்கறவன். மாப்பிள்ளையோட அப்பாவைப் பார்த்து ‘உங்களுக்கு மூச்சு நிக்குது’ன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? உங்க மூஞ்சிக்கு நேரா வாய் வரலை. வீட்டுக்கு வந்தா இவங்க படிவத்துல ஒரு கட்டம், ‘மூச்சு நிற்கிறதா?’ன்னு. ஆமாம்னு போட்டுட்டேன். போட்டதும் பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. உங்ககிட்ட சொல்ல வேண்டியதை, யாரோ கம்பெனிக்காரன்கிட்ட சொல்லிட்டேன் சம்பந்தி. தப்பு அதுதான்.”

அவர் போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். லைன் இருந்தது.

“இருக்கீங்களா?... வந்துருச்சா? படிங்க, இந்தம்மாகிட்ட படிங்க... ஆமாம்... கடைசி எண் ஆறா, எட்டா? வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க... எடுத்தாச்சா அம்மா? ரெண்டு நம்பருமா? சம்பந்தியம்மா நம்பரும்?... பங்குதாரங்ககிட்டயிருந்தும் எடுக்கணும், அந்தப் புத்து முழுக்க... சரி. சரி... மதிப்பெண்ணா? ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்குமா? கொஞ்ச நேரம் சும்மா இருங்கம்மா, மனுஷர் பேசறார்... சொல்லுங்க சம்பந்தி.”

தாளைப் பிடித்திருந்த கை அசையாமல் நின்றது.

“சம்பந்தியம்மா வேற ரூமா? பதினஞ்சு வருஷமாவா?... அப்ப வீட்ல யாருமே பார்த்ததில்லையா?... காலையில எழுந்தா தலை கனமா? பகல்ல தூக்கமா?... ஓ... ஓ... அப்பவே நினைச்சேன்... டாக்டர்கிட்டயா? நானா? எதுக்கு?... ஆமாம், பார்த்தது நான் ஒருத்தன்தான்... வியாழக்கிழமை பத்து மணி. வரேன். லீவு போட்டுட்டு வரேன்... இல்லை சம்பந்தி, எழுதி எடுத்துட்டு வரலை. வாயாலயே சொல்றேன். நீங்க பக்கத்துல உக்காந்திருக்கும்போதே சொல்றேன்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, தயங்கித் தயங்கி:

“அப்புறம்... கேக்கலாமா கூடாதான்னு தெரியலை. அந்தப் பத்திரிகை... அஞ்சு மணிக்குள்ள... கோவம் இன்னும் இருக்கா? இருக்கட்டும், இருக்கட்டும், கோவத்தோடவே சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.”

தாளைத் திருப்பி ஜன்னல் பலகையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பல்லால் திறந்தார்.

“ம்... தாத்தா பேர் மேல வரணும், சரி... அதுக்குக் கீழ பெரியப்பா... முன்னெழுத்து?... என்னம்மா? உங்க லைனை நாங்க பிடிச்சு வெச்சிருக்கோமா? பதினேழு நாளா எங்க லைனை நீங்க பிடிச்சு வெச்சிருந்தீங்களே, நாங்க ஏதாவது... ஹலோ? சம்பந்தி?... ஹலோ?”

லைன் போய்விட்டது. சம்பந்தியின் எண்ணைத் தேட விரல் போனது, பாதியில் நின்றது. தன் எண்ணிலிருந்து அழைப்பு போனால் எடுப்பாரா? ஐந்து நாள் பழக்கம், விரல் நகர மறுத்தது. மணி நாலு ஆகப் பத்து நிமிஷம்.

போன் அடித்தது. திரையில் சம்பந்தியின் பெயர்.

“ஹலோ... ஆமாம் சம்பந்தி, அவங்கதான் வெச்சுட்டாங்க... இருக்கேன், பேனாவோடதான் நிக்கிறேன்... பெரியப்பா வரைக்கும் ஆச்சு. அடுத்த பேரைச் சொல்லுங்க.”