காலியாக இருந்த கட்டம்

கோப்பி நன்றாக இருக்கிறது, சேதுபதி சார். சீனிதான் கொஞ்சம் தூக்கல். போலீஸ் ஸ்டேஷன் கோப்பியை வாயில் வைக்க முடியாது என்று யாரோ சொன்னார்கள், சும்மா கதை.

என் பெயர் இஞ்ஞாசி. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். சிராங்கூன் ரோட்டில் ஒரு கிளினிக், உட்லண்ட்ஸில் அதன் கிளை. இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தது எங்கள் கம்பெனி. எண்பத்தாறில் அதை வைத்தபோது வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். கிளையில் பதிந்த நோயாளிகளின் விவரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டெலிபோன் கம்பி வழியாகச் சிராங்கூன் ரோட்டுக்கு வந்து சேரும். அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் போச்சு. இணைப்பு அறுந்து பாதி விவரம் இங்கே, பாதி அங்கே.

உடனே உட்லண்ட்ஸ் கவுண்டரில் இருக்கும் பிரிஜட் எனக்குப் போன் போடுவாள். "இஞ்ஞாசி அண்ணே, லைன் மறுபடி கட்டாயிருச்சு. சீக்கிரம் வாங்க லா." பஸ் பிடித்துப் போய் இறங்கினால் ராஜ மரியாதைதான். சூடாகக் கறிபப்ஸ் வரும். அவள் அப்பா லாசரஸ் எதிர் அடுக்குமாடி புளோக்கில் குடியிருந்தார். பொழுது போகாமல் கிளினிக் ஃபேனுக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும், "டாக்டரு வந்துட்டாரு. அந்த டாக்டரு இல்லப்பா, மெஷின் டாக்டரு," என்று சத்தமாகச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். குவீன்ஸ்டவுனில் என் வீட்டில் நான் வந்தாலும் போனாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது, சார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

லாசரஸ் என்னிடம் எல்லாக் கதையும் சொல்வார். ஒரு தடவை ஏதோ ஊசி போட்டு (அது பென்சிலின் என்று பிரிஜட் சொல்லித்தான் எனக்கே தெரியும்) முகம் வீங்கி, மூச்சு அடைத்து, சர்ச் சாமியார் வந்து சாவு நேரத்து எண்ணெய் பூசும்வரைக்கும் போய்த் திரும்பிய கதையை அவர் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

பிறகு கம்பெனியில் அழகப்பன் சேர்ந்தார். கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. ஒரு புரோகிராம் எழுதிவைத்தார். அனுப்பியதும் வந்து சேர்ந்ததும் ஒன்றுதானா என்று அதுவே பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் அதுவே திரும்ப அனுப்பும். கோளாறு நின்றது. எனக்கு வரும் போனும் நின்றது. மனசு கேட்காமல் நானே கூப்பிட்டு விசாரித்தேன். "எல்லாம் ஸ்மூத்தா போகுதுண்ணே. நீங்க வரவே வேணாம்," என்றாள் பிரிஜட். நல்ல பெண், ஒன்றையும் மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். சிராங்கூன் ரோட்டு மெஷினைத் துடைக்கப் போன சாக்கில் அழகப்பனின் புரோகிராமை நிறுத்தினேன். வருகிற விவரத்தில் கடைசிக் கட்டம் மட்டும் விழாதபடி மாற்றினேன். கடைசிக் கட்டம் என்றால், நோயாளிக்கு ஆகாத மருந்து எது என்று போடுகிற இடம். பெயரில் ஓர் எழுத்து விழாவிட்டால் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். இது விழாவிட்டால் அன்றைக்கே பதறிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். நியாயமான கணக்குத்தானே.

ஒருவரும் கூப்பிடவில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அங்கே அட்டைதான். ஆகாத மருந்து இருந்தால் சிவப்பு மையில் எழுதுவார்கள், எழுதாமல் விட்டால் எல்லாம் ஆகும் என்று அர்த்தம். திரையையும் அதே பழக்கத்தில் பார்த்தார்கள். கிளைக்கு ஒருவர் வந்துபோகும்போதெல்லாம் அவர் விவரம் முழுக்கப் புதிதாகச் சிராங்கூன் ரோட்டு மெஷினுக்கு வந்து பழையது அழிந்துவிடும். அந்த வாரம் லாசரஸ் காலில் ஆணி குத்தி, கட்டுப் போட கிளைக்குப் போயிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கிளை கிடையாது. கால் வீங்கிப்போய் சிராங்கூன் ரோட்டுக்கே வந்துவிட்டார். கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கலாமே என்று நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "மெஷின் டாக்டரு, எங்க ஆளையே காணோம்? பிரிஜட் உங்கள கேட்டுக்கிட்டே இருக்கா," என்றார். எனக்கு ரொம்பச் சந்தோஷம், பொய் சொல்வானேன்.

உள்ளே போனார். நடுவில் துணித் திரைதான், பேச்சு நன்றாகக் கேட்கும். டாக்டர் புதியவர். "பென்சிலின் ஊசி போடணும். ஒங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டார்.

"எனக்கு இந்த மருந்து பேரெல்லாம் வாயில வராது டாக்டர். எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. எம் மகதான் அடிச்சு வச்சிருக்கா." எவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்திருப்பார். "ஒண்ணும் இல்லியே. சரி, திரும்பிப் படுங்க."

நான் எழுந்தேன். துணித் திரைவரைக்கும் போனேன். அப்புறம் யோசித்தேன். வாயால் சொல்லிவிட்டால் காரியம் அதோடு முடிந்துவிடும், மெஷினைப் பார்க்க என்னைக் கூப்பிட ஒரு முகாந்திரமும் இருக்காது. போன தடவை பிழைத்தவர்தானே, ஒரு ஊசிதானே. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நான் எதிர்பார்த்தபடியே கூப்பிட்டார்கள். அவரைத் துணியால் மூடியிருந்தார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன், எனக்கு அது ஒரு வேலையே இல்லை. சேதி கேட்டு உட்லண்ட்ஸிலிருந்து பிரிஜட் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நான் அடிச்சேன்ண்ணே. நான் அடிச்சேன்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "அடிச்சேம்மா, நீ சரியாத்தான் அடிச்சே," என்று தேற்றினேன். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புரோகிராம் எழுதியவர் என்று அழகப்பனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாவம்தான், ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் கம்பெனி விசாரணை முடிந்தது. கோளாறு என்னவென்று இஞ்ஞாசியால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எல்லாரும் பார்க்க எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள் சார், என்னால் கண்டுபிடிக்க முடியாத கோளாறா? அதைத் திருத்தச் சொல்லத்தான் உங்களிடம் வந்தேன்.

லாசரஸ் மட்டும் இன்றைக்கு இருந்திருந்தால் எனக்காகச் சண்டைக்கே போயிருப்பார்.