வாரேன் என்று சொன்ன பிறகு

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காதவர்கள் கோயமுத்தூரில் யாரும் கிடையாது. நீங்களும் பார்ப்பீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். காலையில் நான் காத்திருந்தபோது உங்கள் மேசை இழுப்பறையைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்தீர்கள். அதில் தப்பே இல்லை. பழகிய வேலையைக் கை செய்யும்போது மனசு வேறெங்கோ போய்விடுகிறது. பூட்டியது கைக்குத் தெரியும், மனசுக்குத் தெரியாது. இதைத்தான் இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் உளவியல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்னொருவர் எழுதினால் வார்த்தை மாறிவிடும். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்றேன். பேப்பர் கொடுத்ததற்கு நன்றி.

ஆறு வருஷமாக உள்ளூர் எஃப்.எம்.மில் காலை பத்து மணிக்கு 'மனசு ஒரு மாதிரி' என்ற நிகழ்ச்சியை நடத்தினேன். லிஃப்ட் பொத்தானை ஏன் மறுபடி மறுபடி அழுத்துகிறோம், கொட்டாவி ஏன் தொற்றிக்கொள்கிறது, இந்த மாதிரி. நேயர்களின் கேள்விகளை வாசிக்க லோகப்பிரியா என்ற பெண்ணைச் சேர்த்தது நான்தான். கருமத்தம்பட்டிக்காரி, இருபத்தெட்டு வயசு. அப்பா காளிச்சாமி விசைத்தறி ஓட்டுகிறவர். அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கேள்வியை மட்டும் வாசித்தால் போதும் என்று தெளிவாகச் சொல்லித்தான் சேர்த்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு பெண் போனில் வந்தாள். என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் 'எதாச்சும் செய்' என்கிற புருஷன், செய்து வைத்த பிறகு குறை சொல்கிறானே, ஏன் என்று கேட்டாள். முடிவெடுக்கும் களைப்பைப் பற்றி ஆறு நிமிஷம் விளக்கினேன். முடித்ததும் லோகப்பிரியா, "எதாச்சும்னா அவருக்குப் பிடிச்சதுன்னு அர்த்தமுங்கக்கா. அதை நீங்களா கண்டுபிடிக்கோணுமாமா," என்றாள். அன்று சாயங்காலம் வரை போன் ஓயவில்லை. என் ஆறு நிமிஷத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எனக்குப் பொறாமை. இதை மறைக்கப்போவதில்லை. பொறாமையைப் பற்றியே மூன்று நிகழ்ச்சி செய்தவள் நான். அவள் சிரிப்பு ஹெட்ஃபோனில் கேட்டால் ஒலியைக் குறைத்துவிடுவேன். ஒருநாள் நீலாம்பூர் பேக்கரியில் டீ குடிக்க நின்றோம். அவள் டீ சொன்ன குரலைக் கேட்டே கடைக்காரர் ஓடி வந்தார். "ஏனுங்க, ரேடியோல பேசறது நீங்கதானுங்க?" என்று கேட்டுத் தேங்காய் பன் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். போனை என்னிடம் நீட்டி அவளோடு தன்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். "நீங்க அவங்க அம்மாங்களா?" என்றார். நான் பேசியதும் அதே ரேடியோவில், அதே ஒரு மணி நேரத்தில்தான்.

ஆவணியில் ரேடியோ ஸ்டேஷன் மேனேஜர் மனோஜ்குமார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஏசியைக் குறைத்து, மோர் வரவழைத்தார். எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். "மேடம், ஐப்பசியிலிருந்து பிரியாவே பண்ணட்டுமுங்க. நீங்க மாசம் ஒருக்கா கெஸ்ட்டா வந்து எங்களுக்கு நாலு நல்லது சொல்லிப்போட்டுப் போங்க," என்றார். நானும் "செரிங்க" என்றேன். மோரையும் குடித்து முடித்தேன்.

லோகப்பிரியாவுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து மூன்று தடவை வீட்டுக்கு ஓடுவாள். பஸ்ஸை விடுவாள், பாதி நாள் நிகழ்ச்சிக்குத் தாமதமாக வருவாள். "எனக்கு ஏதோ ஆயிப்போச்சுங்க மேடம்," என்று ஒருநாள் அழுதாள். அதற்கு நான் வைத்தியம் செய்தேன். அது மேனேஜர் மோர் கொடுப்பதற்கு முன்னால் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மனசோடுதான் செய்தேன்.

வைத்தியம் இதுதான். நம் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'வாரேன்' என்றுதான் சொல்வோம். சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். எதையாவது மறந்துவிட்டு வந்தாலும் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி கிளம்ப விடுவார்கள். இந்தப் பழக்கம் அவள் எலும்புக்குள் இருந்தது. அதையே மருந்தாக்கினேன். அடுப்பின் திருகை மூடு, ஒரு தடவை பார், தொடு, "அடுப்பு அணைஞ்சுது, வாரேன்" என்று வாய்விட்டுச் சொல். சொல்லிவிட்டால் திரும்பக்கூடாது. வாயால் சொன்னது நினைவில் நிற்கும். ஒன்றரை மாதத்தில் அவளுக்குச் சரியாகிவிட்டது. வாத்தியார் என்ற முறையில் எனக்கு அதில் பெருமைதான்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை காலை அவளை அழைத்துவரக் காரில் போனேன். இட்லி வைத்தாள். இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்த காளிச்சாமி முன்னறையில் படுக்கப் போனவர், "அம்மணி, இன்னும் ரெண்டு வெச்சுக்கங்க, எங்க ஊட்ல வெட்கப்படக்கூடாது," என்றார். நல்ல மனிதர். அவள் பாத்திரம் கழுவி, அடுப்பை மூடி, தொட்டு, "அடுப்பு அணைஞ்சுது, வாரேன்," என்றாள். ஒரு பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். அதற்குள் அவர் தூங்கியிருந்தார். காரில் ஏறிய பிறகு, "கண்ணாடியை விட்டுட்டேன், நீ உக்காரு கண்ணு," என்று சொல்லி நான் மட்டும் உள்ளே போனேன்.

அடுப்பின் திருகைத் திறந்தேன். பற்றவைக்கவில்லை.

அவள் ஒரே ஒரு தடவை தன்மேல் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. அப்பா எழுந்து பார்த்துத் திட்டுவார், அவள் பழையபடி பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடுவாள், தாமதமாக வருவாள், மேனேஜர் யோசிப்பார். முப்பது வருஷம் தறிக்கூடத்தில் பஞ்சைச் சுவாசித்து மூக்கு செத்துப்போனவருக்கு கேஸ் வாசனை எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ரசம் கொதிக்கிறதா கருகுகிறதா என்று அப்பாவுக்குத் தெரியாது என்று அவள் ரேடியோவிலேயே சொல்லிச் சிரித்திருக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். எழுந்ததும் கால் தரையில் படுவதற்கு முன்னால் பீடி பற்றவைப்பார் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

சமையலறை ஜன்னலையும் சாத்தினேன். தூங்குகிறவர் முகத்தில் வெயில் அடிக்குமே என்று.

கார் கணியூர் தாண்டியபோது அவள் விரல்கள் துப்பட்டாவைத் திருகத் தொடங்கின. "மேடம், ஒருக்கா திரும்பிப் போய்ப் பாத்துட்டு வந்தர்லாமுங்களா? ஏனோ மனசு ஒரு மாதிரி இருக்குதுங்க."

"வாரேன்னு சொல்லிட்டியில்ல கண்ணு?"

"சொன்னனுங்க."

"அப்புறமென்ன?"

திருகிய துப்பட்டாவை நீவி விட்டாள். பிறகு தன்னைத்தானே கேலி செய்கிற மாதிரி சிரித்து, "செரிங்க மேடம்," என்றாள். அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். வண்டியைத் திருப்பியிருந்தால் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

பதினொன்றேகாலுக்குச் செய்தி வந்தது. எழுந்ததும் பீடி பற்றவைத்ததில் உடம்பெல்லாம் வெந்துபோன காளிச்சாமி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தார்.

அதன் பிறகு அவள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "நாந்தானுங்க அடுப்பை மூடாம வந்துபோட்டேன். வாய்தான் சொல்லுச்சு, கை மூடலீங்க. ஜன்னலையும் நாந்தான் சாத்துனேன். கொக்கி இறுக்கமா இருந்துச்சுங்க, அழுத்தித்தான் போட்டேன்." இதை என் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம். யாராவது நாலு தடவை கேட்டால், செய்யாத காரியம்கூட மனசுக்குள் செய்ததாக உருவாகிவிடும். விரலில் பட்ட துரு வரைக்கும் ஞாபகம் வரும். அந்தக் கொக்கி இறுக்கம்தான். அழுத்திப் போட்டது நான்.

ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அடுப்பையே எடுத்துத் தெருவில் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள் சோறு கொண்டுவந்து வைக்கிறார். வாசற்படியைத் தாண்ட முடியவில்லை அவளால். நிற்கிறாள், உள்ளே போகிறாள், மறுபடி வந்து நிற்கிறாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்குடுத்தீங்க. உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டனுங்க, மன்னிச்சுக்கங்க மேடம்," என்றாள். "பரவால்ல கண்ணு, மனசுல வெச்சுக்காத," என்றேன். மன்னித்தும்விட்டேன்.

நிகழ்ச்சியைத் திரும்ப எனக்கே கொடுத்தார்கள். முதல் நாள் குற்ற உணர்ச்சியைப் பற்றிப் பேசினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. வந்த போன்கள் பதினாறு. பதினாறு பேரும் "பிரியா எப்ப வருவாங்க?" என்றுதான் கேட்டார்கள். கொடுமுடியிலிருந்து ஒரு அம்மா அவளுக்காக விளக்குப் போட்டதாகச் சொன்னார். நேற்று அவளுக்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கி நேயர்கள் அனுப்பிய செய்திகளை ஒலிபரப்பினார்கள். காரை ஓரம் நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டேன். ஒரு பெரியவர், "அந்தப் புள்ளைய நாங்க மன்னிச்சுட்டமுங்க, தைரியமா வெளிய வரச் சொல்லுங்க," என்று சொல்லி விசும்பினார். நீங்களும் வாக்குமூலம் வாங்கிய அன்று அவள் தலையைத் தடவிக்கொடுத்து அழுததாகக் கான்ஸ்டபிள் சொன்னார்.

எதற்காக மன்னிக்கிறார்கள்? அவள் என்ன செய்தாள்? அடுப்பை ஒழுங்காக மூடினாள், வந்து காரில் உட்கார்ந்தாள். திருகைத் திறந்தது நான், ஜன்னலைச் சாத்தியது நான், திரும்பிப் போகலாம் என்றவளைத் தடுத்ததும் நான். அதில் அவள் விரல் ஒன்றுகூடப் படவில்லை. ஒன்றுமே செய்யாத ஒருத்திக்காக ஊரே உட்கார்ந்து அழுகிறது.

அந்தப் பெண் படும் பாட்டைப் பொறுக்க முடியாமல், அவளை இந்தப் பழியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் நானாக வந்து இதை எழுதிக்கொடுக்கிறேன். ஒரே ஒரு கோரிக்கை. செய்தி கொடுக்கும்போது முனைவர் புவனா என்று முழுதாகக் கொடுங்கள். அவள் பெயர் அதில் வேண்டாம்.