ஊதா வெளிறிய ஸ்லைடு: ஆனந்தபாய் அம்மையாருக்குப் பிரியாவிடை மடல்

கண்ணுக்கெட்டாத கிருமிகளைக் கண்ணாடித் துண்டில் கட்டி நிறுத்திய கைவல்லாளரே! காரோட்டு எல்லைப்புறத்து ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தை இருபத்தெட்டு ஆண்டுகள் கட்டிக்காத்த கனிவுடை அம்மையே! வணக்கம். மாலையிடும் மகிழ்ச்சியைக் காட்டிலும் மனத்தில் அச்சமே மிகுந்து நிற்கிறோம். மலையாள நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே விழுமென்று தெரியாத இந்த ஐம்பத்தாறாம் ஆண்டில், ஓய்வுபெற்றுத் தாங்களும் இல்லாத கூடத்துக்குள் நாளை காலை நுழைய வேண்டுமே!

பொழியூரிலிருந்து வயிற்றுக்கடுப்போடு வருவோரின் மலத்தைச் சூடு ஆறுமுன் பார்த்தால்தான் அமீபா ஊர்வது தெரியுமென்று, சோற்றுக்கு உட்கார்ந்த எங்களை எழுப்பி விரட்டினீர்கள்! சாயமேற்றும் ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் தங்கள் பல்லழுக்கைச் சிறிது தடவி வைப்பீர்கள். ஊதாவைப் பிடித்து நிற்கும் கிருமியும் சிவப்பேறும் கிருமியும் அதில் எப்போதும் உண்டு. இரண்டு நிறமும் தெரிந்தால் சாயம் சரி; கழுவும் ஸ்பிரிட்டு நேரம் மீறி நின்றால் ஊதாவும் வெளுத்து எல்லாமே சிவப்பாகிவிடும். அதைக் கண்டு தங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்த பாவிகள் நாங்கள்.

ஐம்பத்துநான்கின் ஆவணியில் அந்தச் சிரிப்பு அடங்கியது. இவ்வூர்ச் செல்லபாயின் நான்கு வயது மகளுக்கு மூளைக்காய்ச்சல். முதுகெலும்பிலிருந்து எடுத்த நீர் சில சொட்டுகளே. கிருமி ஊதாவானால் பென்சிலின், சிவப்பானால் சல்பா மருந்து என்று டாக்டர் காத்திருந்தார். எங்களில் ஒருவர் ஸ்பிரிட்டை ஊற்றி ஊதாவைக் கழுவத் தொடங்கிய வேளையில் வாசலில் போலீஸ் வண்டி நின்றது. எல்லைப் போராட்டக்காரர்கள் அடிபட்டு அலறும் சத்தம் கேட்டது. கதவைத் தாழிட ஓடியவர் திரும்பி வந்தபோது, எத்தனை நேரம் போயிற்றென்று அவருக்கே தெரியவில்லை. சிவப்புச் சாயத்தை ஊற்றிப் பார்த்து, சிவப்பு என்று எழுதியும் விட்டார்.

கையெழுத்திடுமுன் தாங்கள் ஸ்லைடின் ஓரத்தைப் பார்த்தீர்கள்.

“எலே, எனக்க பல்லழுக்கும் முழுக்கச் செவந்து கெடக்கு. ஸ்பிரிட்டு கூடிப்போச்சாக்கும்.”

“அம்மா, போலீசு உள்ள வருது. பின்வாசல் வழி ஓடிருவோம்.”

“நீ வேணும்னா போ மக்கா. எனக்கும் பயம் உண்டு. பிள்ளைக்கு மருந்து மாறிப்போவுமே!”

குழாயின் அடியில் மிஞ்சிய ஒரே சொட்டைத் தடவித் தாங்களே சாயமேற்றினீர்கள். கதவை இடித்தார்கள், தாங்கள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். கிருமிகள் இரட்டை இரட்டையாக ஊதாவில் நின்றன. முடிவை எழுதிய பிறகே கதவைத் திறந்தீர்கள். தேடி வந்த போராட்டக்காரர் உள்ளே இல்லையென்று கண்டு போலீசார் போனார்கள். குழந்தை பிழைத்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்ட டாக்டரிடம், “எனக்க கை பிழைச்சுப்போச்சு” என்று சொல்லி, எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்கினீர்கள்.

பெருந்தகையீர்! பல்லாண்டு நலமுடன் வாழ்ந்து, பார்வை மங்காமல், பேரர் சூழப் பெருவாழ்வு பெறுக என இறைவனை இறைஞ்சுகிறோம்.

நண்பர்கள் என்னிடம் எழுதித் தரச் சொன்ன மடல் இத்துடன் முடிந்தது. இனி வருவதை அவர்களும் இப்போதுதான் கேட்கிறார்கள். செல்லபாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் மடியில் மகள் இருக்கிறாள். வேலை போய்விடுமென்று இரண்டு ஆண்டுகள் வாய் திறக்காதிருந்தேன். இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. அம்மா, அந்த ஸ்லைடைக் கெடுத்தவன் நான்.

ஆய்வுக்கூட ஊழியர்களுக்காக,
பொன்னுதாஸ்