ரெஜினாவுக்கு ஒரு ஜெபமாலை

விவேக் நகர் கோவில் ஸ்டாப்பில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "ரெஜினா பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்ததே என்னாலதான்."

"உங்களுக்கு அவளக் கண்டாலே ஆகாதேக்கா."

"அதத்தான் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். பாட்டுக் குழுவுல அவ முன்னாடி நிக்கிறதப் பாத்தா வயிறு எரியுது ஃபாதர்னு. தினமும் அவளுக்காக ஒரு ஜெபமாலை சொல்லுன்னுட்டாரு. மூணு மாசம் சொன்னேன். அவ பொண்ணுக்கு எலெக்ட்ரானிக் சிட்டில கம்ப்யூட்டர் வேல பாக்குற மாப்பிள்ள. எம்பொண்ணு அப்படியே இருக்கா."

"நல்லதுதானக்கா நடந்திருக்கு."

"நல்லதுதான். ஆனா போன ஞாயித்துக்கிழம கோவில் வாசல்ல வச்சு, 'எல்லாம் ஸ்டெல்லாவோட ஜெபம்'னு ரெஜினா எல்லார்கிட்டயும் சொல்றா. அவ பக்கத்து வீட்டுக்காரி அந்த ஸ்டெல்லாவும் இல்லன்னு சொல்லாம சிரிச்சிட்டு நிக்கிறா. அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கல."

"ஃபாதர்கிட்ட சொன்னீங்களா?"

"இப்பத்தான் சொல்லிட்டு வர்றேன்."

"என்ன சொன்னாரு?"

அவர் பையைத் துழாவி ஜெபமாலையை வெளியே எடுத்தார்.

"இனிமே ஸ்டெல்லாவுக்கும் ஒண்ணு சொல்லணுமாம். அவ வீட்லயும் கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கா."