சிவப்பு மூடி டப்பா

ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டிய பிறகு கையில் இரண்டொரு போல்ட் மீந்துவிட்டால் பதறக் கூடாது, ஐயா. எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். புதிதாக ஒன்று போட்டிருப்போம், பழையது மீந்திருக்கும். அதைச் சட்டைப் பையில் போட்டு மறந்துவிடுகிறவன் மெக்கானிக் இல்லை. மண்ணெண்ணெயில் கழுவி, மரையைத் துணியால் துடைத்து, அதற்குரிய டப்பாவில் போட வேண்டும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் பட்டறையின் பின்சுவர் முழுக்க என் டப்பாக்கள்தான். பால் பவுடர் டப்பா, பெயின்ட் டப்பா, மாத்திரை டப்பா. ஒவ்வொன்றின் முன்னாலும் உள்ளே இருக்கும் சாமானில் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பேன். எழுதி ஒட்டினால் எண்ணெய்க் கை பட்டு அழிந்துபோகும். விபத்தன்று உங்கள் போலீஸ் ஆட்கள் வந்தபோது ஒன்றிரண்டை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார்கள். பரவாயில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்.

சிவப்பு மூடி போட்டது மட்டும் தனி. அதில் இருப்பது உறுதியான போல்ட். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், அதே தடிமன், அதே நீளம். ஆனால் உறுதியான போல்ட்டின் தலையில் எண் பொறித்திருக்கும். மற்றதன் தலை மொட்டை. மொட்டைத் தலை போல்ட் தகரம் பூட்ட ஆகும், இருக்கை பூட்ட ஆகும். எஞ்சினைச் சங்கிலியில் தூக்க வேண்டுமானால் அதன் மேல் ஓர் இரும்புப் பட்டையைப் பூட்டுவோம். மொத்தப் பாரமும் அதில்தான் தொங்கும். அதற்குச் சிவப்பு மூடி டப்பாவைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. இதை என் தம்பிக்குச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அவனுக்கு ஓட்டையில் நுழைந்தால் போதும், போட்டு முறுக்கிவிடுவான். கீழே கிடந்ததா, பையில் இருந்ததா என்றெல்லாம் கவலையில்லை. ஆனால் பட்டறைக்கு வருகிறவர்கள் அவனைத்தான் தேடுவார்கள். நான் எதிரே நிற்கும்போதே "சின்னவர் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. டிரைவர்களின் பிள்ளைகள் பெயர்கூட அவனுக்கு மனப்பாடம். எனக்கு அவன் வைத்த பெயர் டப்பா. "டப்பாகிட்ட கேளுங்க, அது எடுத்துக் குடுக்கும்" என்பான். அவர்கூட இல்லை, அது. எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் கண் ஆபரேஷன் முடிந்து திரும்பிய அன்று பின்சுவர் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. அதன் ஓரமாக ஒரு நீள பெஞ்சு, மேலே ஒரு ஃபேன். டப்பாக்கள் காலியாக மூலையில் கிடந்தன. அவற்றில் இருந்ததெல்லாம் ஒரே எண்ணெய் டிரம்மில் கொட்டிக் கிடந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"உனக்குத்தாண்ணே. கண்ணு ஆறுற வரைக்கும் பெஞ்சுல காத்தாட உக்காரு. எல்லாம் நட்டு போல்ட்டுதானே. வேணும்னா டிரம்முக்குள்ள கைய விட்டா கிடைக்காமலா போயிடும்?"

நான் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். அவன் டிரைவர்கள் பக்கம் திரும்பி, "அண்ணனுக்கு மரை கழண்டுடுச்சு, யாராவது தேடிக் குடுங்கப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டதாக நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. நான் கோபக்காரன் இல்லை, யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சை வெளியே தள்ளிவிட்டு டிரம்மின் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வழிய வழிய ஒவ்வொன்றாக எடுத்து, தலையைத் தடவிப் பார்த்து, பழையபடி பிரித்தேன். சில நாள் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஒருநாள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். அவன் முகம் வாடிப் போயிருந்தது.

"தப்புதாண்ணே. எனக்குப் புத்தி இல்ல. இனிமே நீ சொல்ற டப்பாவுலேருந்துதான் எடுப்பேன். சத்தியமா."

உண்மையாகவே வருந்தினான், ஐயா. இருப்பதை இல்லை என்று சொல்வது என் வழக்கம் இல்லை. சொன்ன சொல்லையும் காப்பாற்றினான். எஞ்சின் தூக்கும்போதெல்லாம் நேராகச் சிவப்பு மூடியிடம் போனான். எடுத்ததை எனக்குத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பூட்டினான். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். அவன் மூடியின் நிறத்தைப் பார்த்தானே தவிர போல்ட்டின் தலையைப் பார்க்கவில்லை. அண்ணன் வைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

அதன் பிறகுதான் சிவப்பு மூடி டப்பாவில் மொட்டைத் தலை போல்ட்டுகளைப் போட்டு வைத்தேன்.

எல்லாம் நட்டு போல்ட்டுதானே என்று சொன்னவன் அவன். அப்படியா இல்லையா என்று அவனே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். ஒரே ஒரு தடவை போல்ட்டின் தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். குருடனாக இருந்த நானே விரலால் தடவிக் கண்டுபிடித்தேனே. முதலில் வந்தது ஒரு சின்ன வேன் எஞ்சின். மொட்டைத் தலையே தாங்கிக்கொண்டது. நான் அவசரப்படவில்லை. அப்புறம் அந்த லாரி வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். தெருவில் கடைகளெல்லாம் பாதி ஷட்டரை இறக்கியிருந்தன. எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. அடியில் ஏதோ கழற்ற வேண்டும் என்று அவன் மல்லாந்து படுத்தான்.

"சிவப்பு மூடிதான் போட்டிருக்கேன், பாத்தியாண்ணே?"

"பாத்தேன்" என்றேன்.

போல்ட் அறுந்து, பட்டை பிய்ந்து, எஞ்சின் அவன் இடுப்பின் மேல் விழுந்தது. பிய்ந்த பட்டை எகிறிச் சுவரில் அடித்ததில் என் டப்பாக்கள் நாலைந்து உருண்டு தரையெல்லாம் கொட்டிவிட்டன.

அவன் உயிரோடு இருந்தான். "அண்ணே, ஜாக்கி. ஜாக்கிய வை" என்றான். ஜாக்கி என் காலடியில்தான் இருந்தது. ஆனால் சத்தம் கேட்டு யாராவது ஓடி வந்தால் கொட்டியதையெல்லாம் மிதித்து ஒன்றாக்கிவிடுவார்கள். அதனால் முதலில் கதவைச் சாத்தினேன். பிறகு உட்கார்ந்து பொறுக்கினேன். பொடித் திருகாணிகளை முதலில், வாஷர்களை அடுத்து. சிவப்பு மூடி டப்பாவிலிருந்த மொட்டைத் தலைகளை எடுத்துவிட்டு அதற்குரியதைப் போட்டு வைத்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடவில்லை. கை நடுங்கியிருந்தால் அவ்வளவு பொடிசுகளைப் பொறுக்கியிருக்க முடியாது.

"அத அப்புறம் பொறுக்கலாம்ண்ணே" என்று அவன் சொன்னான். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு தண்ணீர் கேட்டான். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், அவள் அடுத்த அறையில் இருப்பதுபோல. எல்லாவற்றையும் அடுக்கி முடித்து, அவன் குரலும் நின்ற பிறகுதான் கதவைத் திறந்து கத்தினேன். அழுதேன் என்றுகூடச் சொன்னார்கள்.

அறுந்த போல்ட்டை நீங்கள் கண்டெடுத்தபோது டிரைவர்களே சாட்சி சொன்னார்கள். "சின்னவர் அப்படித்தாங்க, கையில கிடைச்சத மாட்டிடுவாரு" என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை, சும்மா நின்றேன். நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேனே, அதற்குக் காரணம் தம்பி மனைவி.

அவள் நேற்று என் எதிரே வந்து நின்று, "மாமா, அவரு கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா. வலி தெரியறதுக்குள்ள போயிட்டான்" என்றேன்.

"அது போதும் மாமா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. அவன் நிறையப் பேசினான், தெளிவாகப் பேசினான், அவளை வெகுநேரம் கூப்பிட்டான். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவளிடம் போய்ப் பொய் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தலைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை.